இரண்டு இஞ்சினை ஒரே புரொபெல்லரில் பூட்டலாமா?

எங்கள் எதிர்வீட்டுப் பையன் சுபாங்கில் விமானப் பராமரிப்பு படித்தவன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரிய தாள் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, எங்கள் வாசல் மேசையில் விரித்தான். தாள் மறுபடி சுருளாமல் இருக்க இரண்டு மூலையில் கோப்பிக் கிண்ணத்தை வைத்தோம். அவனும் இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து கட்டப்போகும் இருவர் விமானத்தின் படம் அது. இரண்டு ரோட்டக்ஸ் 582 இஞ்சின்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இரண்டிலிருந்தும் பெல்ட் போய் நடுவில் ஒரே தண்டைச் சுற்றியது. தண்டின் முனையில் ஒரே புரொபெல்லர்.

“அங்கிள், ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடும். இறக்கைக்கு ஒண்ணா வச்சா ஒரு பக்கமா இழுக்கும், இதுல அந்தப் பிரச்சினையே இல்ல. ரெண்டு இஞ்சினோட நல்லது மட்டும் கிடைக்குது. சரிதானே?”

நான் விமானம் ஓட்டினவன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையின் இஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன். இரண்டு இயந்திரத்தை ஒரே சுமையில் பூட்டி ஓட்டுவது எனக்குத் தினசரி வேலை. அதனால் உடனே பதில் சொல்லாமல், “படம் ரெண்டு வாரம் என்கிட்ட இருக்கட்டும்பா” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு வாரத்தில் படித்ததையும் கணக்குப் போட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். இதே யோசனை வேறு தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் வரும்.

முதலில் அவன் பயம் நியாயமானது. மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் எங்கள் குளுவாங்கிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். குனோங் லம்பாக் மேல் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டும் வரை ஒரே பச்சை. மரங்கள் 9 மீட்டர் முக்கோணக் கணக்கில் நட்டவை, ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 58 மரம். வளர்ந்த காட்டில் ஓலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் மெத்தை மாதிரி தெரியும். உள்ளே இருப்பதோ கட்டை கட்டையான தண்டு. தோட்டச் சாலையில் இறங்கலாம் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் வாய்க்கால். ஒரே இஞ்சினை நம்பி அதன் மேல் பறக்கப் போகிறவன் இரண்டாவது ஒன்று வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. அந்த இரண்டாவதை எப்படி, எங்கே பூட்டுவது என்பதுதான் கேள்வி.

ஆலையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வறட்சிக் காலத்தில் நாற்றுப்பண்ணைக்குத் தண்ணீர் போதவில்லை. பெரிய பம்பு ஒன்று கையில் இருந்தது, அதைச் சுற்றும் அளவுக்குத் தனி இஞ்சின் இல்லை. இரண்டு ஒற்றை சிலிண்டர் டீசல் இஞ்சின்களை இரண்டு பக்கமும் வைத்து, வி-பெல்ட் போட்டு, ஒரே தண்டில் இணைத்தோம். மூன்று நாள் அருமையாக ஓடியது. நாலாம் நாள் ஒன்றின் டீசல் வடிகட்டி அடைத்துக்கொண்டது. இஞ்சின் நின்றது. ஆனால் பெல்ட் அதை விடவில்லை. ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் பம்பையும் சுற்றவேண்டும், செத்த இஞ்சினையும் சேர்த்து இழுக்கவேண்டும். பெல்ட்டிலிருந்து கறுப்புத் தூள் கொட்டியது, ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது, ஒரு நிமிடத்துக்குள் நல்லாயிருந்த இஞ்சினும் திணறி நின்றுபோனது.

அப்புறம் இரண்டு பக்கமும் ஒருவழிக் கிளட்ச் போட்டோம். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின் சக்கரம் தானாக ஓடுமே, அதே வேலைதான். ஒரு இஞ்சின் நின்றால் அது தானாகக் கழன்றுகொள்ளும். அது சரியாக வேலை செய்தது. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் டீசல் செலவு கணக்குக்கு வரவில்லை. இரண்டு இஞ்சினும் ஓடுகிற சத்தம் கேட்கிறது, பம்பு சுற்றுகிறது, தண்ணீர் வருகிறது. கடைசியில் புகைக்குழாயைத் தொட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒன்றில் விரலை வைக்கவே முடியவில்லை, மற்றதில் அரை நொடி வைக்க முடிந்தது. ஒன்றின் வேகம் கொஞ்சம் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. அதன் கிளட்ச் எப்போதும் கழன்ற நிலையிலேயே இருந்து, சும்மா ஓடிக்கொண்டிருந்தது. சுமை முழுவதையும் மற்றது சுமந்தது.

பையனின் படத்தைப் பார்த்தவுடன் எனக்கு இந்த இரண்டும்தான் ஞாபகத்துக்கு வந்தன. கிளட்ச் இல்லாவிட்டால் செத்தது உயிரோடு இருப்பதைக் கொல்லும். கிளட்ச் இருந்தால் ஒன்று வேலை செய்யவில்லை என்பதே தெரியாமல் போகலாம். தெரிந்துகொள்ள ஒவ்வொரு இஞ்சினுக்கும் தனி வேக மீட்டர், தனி வெப்ப மீட்டர் வேண்டும். வானத்தில் யாரும் புகைக்குழாயைத் தொட்டுப் பார்க்க முடியாது.

“கிளட்ச் நல்லதாப் போட்டா ஆச்சு” என்றான் பையன். கிளட்ச் நல்லதாக இருந்தும் விடாமல் போவதுண்டு. அமெரிக்கக் கடற்படைக்காக டக்ளஸ் கட்டிய ஸ்கைஷார்க் விமானத்தில் ஆலிசன் டி40 இருந்தது. இரண்டு டர்பைன்கள் ஒரே கியர்பாக்ஸில் இணைந்து, எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரட்டைப் புரொபெல்லரை ஓட்டின. 1950 டிசம்பரில் ஒரு சோதனைப் பறப்பில் ஒரு பக்க டர்பைன் பழுதானது. அது கழன்றுகொள்ள வேண்டும், கழலவில்லை. விமானம் கீழே விழுந்து விமானி இறந்துபோனார். அந்த இஞ்சின் குடும்பத்தின் கியர்பாக்ஸ் தொல்லை தீராமல், ஸ்கைஷார்க் திட்டமே கைவிடப்பட்டது. பெரிய கம்பெனி, பெரிய பணம், அப்படியும் இந்த முடிவு.

இங்கே பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். நம் ஊரில் தரைப்படையின் விமானப் பிரிவு முகாம் இருக்கிறது. அகஸ்டா ஏ109 ஹெலிகாப்டர்கள் வீட்டுக் கூரைக்கு மேலே போவது நமக்குப் பழகிப்போன சத்தம். அதில் இரண்டு இஞ்சின்தான், மேலே ஒரே சுழலிதான். “அது மட்டும் எப்படி அங்கிள்?”

உண்மைதான். இரண்டு இஞ்சின் ஒரே சுழலி என்பது ஹெலிகாப்டரில் தினசரி நடக்கிற விஷயம். ஆனால் அங்கே அதைத் தவிர வழி கிடையாது. மேலே ஒரு சுழலிதான் இருக்க முடியும் என்றால் இரண்டு இஞ்சினும் அங்கேதான் போய்ச் சேரவேண்டும். தவிர, ஒரே இஞ்சின் வைத்தாலும் அந்தப் பெரிய கியர்பாக்ஸ் தேவைதான், டர்பைனின் வேகத்தைச் சுழலியின் வேகத்துக்கு இறக்கியே ஆகவேண்டும். கியர்பாக்ஸ் எப்படியும் உண்டு, ஒருவழிக் கிளட்சும் எப்படியும் உண்டு, அதில் இன்னொரு இஞ்சினுக்கு வாசல் திறப்பது கூடுதல் வேலைதான். டர்பைன் சுற்றுவதும் பம்பரம் மாதிரி ஒரே சீர். பிஸ்டன் இஞ்சின் அப்படியில்லை, அடித்து அடித்துத்தான் சுற்றும்.

அப்படிப்பட்ட ஹெலிகாப்டரிலும் ஆபத்து இஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். 2009 மார்ச் 12 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலுக்கு மேலே சிகோர்ஸ்கி எஸ்-92 ஒன்று எண்ணெய்த் துரப்பண மேடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கியர்பாக்ஸின் எண்ணெய் வடிகட்டிக் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டானிய போல்ட்டுகள் உடைந்தன. எண்ணெய் முழுவதும் வெளியேறியது. இரண்டு இஞ்சினும் நன்றாக இருந்தன, ஆனாலும் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. 18 பேரில் 17 பேர் இறந்தார்கள். 2016 ஏப்ரலில் நார்வேயின் துரோய் தீவருகே வேறு வகை ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து 13 பேரும் இறந்தபோதும் இஞ்சின்கள் காரணமில்லை. கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரம் ஓயாத சுமையில் களைத்து விரிசல் விட்டு உடைந்து, சுழலியே கழன்றுபோனது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. இவ்வளவு சோதனைக்குப் பிறகு வந்த கியர்பாக்ஸ் இப்படி என்றால், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நம் பிள்ளைகள் பூட்டும் பெல்ட்டை எதை வைத்து நம்புவது?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு இஞ்சின் 1,000 மணி நேரத்துக்கு ஒரு தடவை நிற்கும் என்று சும்மா வைத்துக்கொள்வோம். இரண்டு இஞ்சின் இருந்தால் 500 மணிக்கு ஒரு தடவை ஏதோ ஒன்று நிற்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இரண்டும் ஒரே மணி நேரத்தில் நிற்பது பத்து லட்சத்தில் ஒன்று. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நடுவில் உள்ள பெல்ட்டும் தாங்கியும் (பேரிங்) தண்டும் 800 மணிக்கு ஒரு தடவை பழுதாகும் என்றால், அந்தப் பத்து லட்சத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. 800 மணிக்கு ஒரு தடவை மொத்தமும் போய்விடும். ஒற்றை இஞ்சினைவிட மோசம். வீட்டில் செய்த இணைப்பு, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து சோதித்த இஞ்சினைவிட நம்பிக்கையாக இருந்தால் மட்டுமே இந்த வேலைக்குப் பலன் உண்டு. அப்படி இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அதோடு, இரண்டு இஞ்சினும் ஒரே தொட்டியிலிருந்து பெட்ரோல் குடித்தால் அவை சம்பந்தமில்லாதவை என்று சொல்லவே முடியாது. சிறு விமானங்களில் இஞ்சின் நிற்பதற்குப் பெட்ரோல் தீர்வதும், பெட்ரோலில் தண்ணீர் கலப்பதும் பெரிய காரணங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் பாதி நிரம்பிய தொட்டியை இரவில் விட்டால் காலையில் அடியில் தண்ணீர் நிற்கும். இன்னொன்று, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனி பிடிப்பது. மலேசியாவில் ஏது பனி என்று சிரிக்க வேண்டாம். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் சட்டென்று இறங்கும். வெளியே 28 பாகை இருந்தாலும், காற்று ஈரமாக இருந்து, இறங்கும்போது இஞ்சினின் திறனைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைக் குறைத்தால் பனி கட்டும். அந்த ஈரம் இரண்டு இஞ்சினுக்கும் ஒன்றுதான்.

இப்போது பையன் யோசிக்காத இடத்துக்கு வருகிறேன். எல்லாம் சரியாக நடந்து, கிளட்ச் சரியாகக் கழன்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சமிருக்கும் ஒரு இஞ்சின் எவ்வளவு உதவும்? பாதி என்றுதான் எல்லோரும் நினைப்போம்.

புரொபெல்லரை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்ற நாலு மடங்கு முறுக்கு, அதாவது தண்டைத் திருப்பும் பலம், வேண்டும். திருப்பிச் சொன்னால், முறுக்கு பாதியானால் வேகம் சுமார் 71 விழுக்காட்டுக்கு இறங்கும். அவன் படத்தில் 65 குதிரைத்திறன் கொண்ட இரண்டு இஞ்சின், மொத்தம் 130. ஒன்று நின்றதும் மற்றது தன் முழு முறுக்கையும் கொடுத்தாலும், புரொபெல்லர் அதை 6,500 சுற்றிலிருந்து 4,600 சுற்றுக்கு இழுத்துவிடும். முறுக்கு பாதி, வேகம் 71 விழுக்காடு, அப்படியானால் திறன் மொத்தத்தில் 35 விழுக்காடு, அதாவது 46 குதிரைத்திறன். நல்ல நிலையில் 65 கொடுக்கக்கூடிய இஞ்சின், புரொபெல்லர் தன் அளவுக்குப் பெரியதாக இருப்பதால் 46 தான் கொடுக்கிறது. இதுவும் முறுக்கு குறையாமல் இருந்தால்தான். 582 இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின், அது 4,600 சுற்றில் தன் முழு முறுக்கை எங்கே கொடுக்கும்? நம் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் மேட்டில் கியர் மாற்றாமல் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சத்தம்தான் வரும், வண்டி வராது. பறக்கிற வேகத்தில் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் கணக்கு சாய்கிற பக்கம் மாறாது.

இதைச் சரிசெய்யலாம். புரொபெல்லர் இதழின் கோணத்தைப் பறக்கும்போதே மாற்றும் அமைப்பு வேண்டும். ஒன்று நின்றதும் கோணத்தைக் குறைத்தால் மிச்ச இஞ்சின் தன் முழு வேகத்துக்குப் போகும். ஆனால் அது இன்னொரு இயந்திரம், இன்னொரு எடை, இன்னொரு செலவு, பழுதாக இன்னொரு இடம். பாருங்கள், ஒரு இஞ்சினைச் சேர்த்தோம். அதற்காகக் கிளட்ச் சேர்த்தோம், அப்புறம் மீட்டர்கள், அப்புறம் கோணம் மாறும் புரொபெல்லர்.

அதிர்வு பற்றிக் கொஞ்சம். பிஸ்டன் இஞ்சின் தண்டை ஒரே சீராகச் சுற்றாது, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு குத்து விடும். நாலு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் 5,500 சுற்றில் வினாடிக்கு 183 குத்து விடும். தண்டு ஒவ்வொரு குத்துக்கும் நூல் மாதிரி முறுக்கிப் பிரியும். அந்தத் தாளம் தண்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால், வெளியே ஒன்றும் தெரியாமலேயே இரும்பு முறியும். ஒரு இஞ்சினுக்கும் ஒரு புரொபெல்லருக்கும் இந்தக் கணக்கைத் தீர்ப்பதே நிபுணர் வேலை. இரண்டு இஞ்சின் என்றால் ஒன்றின் குத்து மற்றதன் குத்தோடு சேரலாம், விலகலாம், நொடிக்கு நொடி மாறலாம். ஆலையில் இரண்டு தண்டை இணைக்கும் கப்லிங் நடுவே இருக்கும் ரப்பர் துண்டுகள் மாவாக அரைந்து கவருக்குள் கிடப்பதை எத்தனையோ தடவை கூட்டி அள்ளியிருக்கிறேன். அங்கே அது ஒரு மணி நேர வேலை, புது ரப்பர் போட்டால் முடிந்தது.

இந்த வழியில் கடைசி வரை போய்ப் பார்த்தவர்களும் உண்டு. பில் லியர், ஜெட் விமானத்துக்குப் பெயர் பெற்றவர், தன் கடைசிக் காலத்தில் லியர் ஃபேன் என்ற விமானத்தை வரைந்தார். இரண்டு பிராட் அண்ட் விட்னி டர்பைன்கள், ஒரு கியர்பாக்ஸ், வாலில் ஒரே புரொபெல்லர். பையன் சொன்ன அதே காரணம்தான், ஒன்று நின்றாலும் ஒரு பக்கமாக இழுக்காது. 1978இல் அவர் இறந்துபோக, மனைவி மோயா வேலையைத் தொடர்ந்தார். 1980 முடிவதற்குள் பறக்கவேண்டும் என்பது பிரிட்டிஷ் அரசின் பண உதவிக்கு நிபந்தனை. பறந்தது 1981 ஜனவரி 1. ‘1980 டிசம்பர் 32’ என்று அந்த நாளைக் குறித்துக்கொண்டார்கள். மூன்று விமானம் கட்டினார்கள். இரண்டு இஞ்சின் இருந்தும் ஒரு கியர்பாக்ஸ், ஒரு புரொபெல்லர் என்பதை அமெரிக்க விமானத் துறை சந்தேகத்தோடுதான் பார்த்தது. சான்றிதழ் கிடைக்கவே இல்லை, 1985இல் கம்பெனி மூடப்பட்டது. நல்ல யோசனை, நல்ல மனிதர்கள், எனக்கு இதைப் படிக்கும்போது வருத்தமாகவே இருந்தது.

இணைத்ததில் வெற்றி பெற்றது என்று நான் மனதார ஒப்புக்கொள்வது பிரிட்டனின் ஃபேரி கேனட். 1949இல் முதலில் பறந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் 1970கள் வரை இருந்தது, பக்கத்து இந்தோனேசியக் கடற்படையும் வைத்திருந்தது. அதன் டபுள் மாம்பா இஞ்சினில் இரண்டு டர்பைன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆனால் அவை ஒரே புரொபெல்லரில் சேரவில்லை. குழாய்க்குள் குழாயாக இரண்டு தண்டு, முன்னும் பின்னுமாக இரண்டு புரொபெல்லர், ஒவ்வொரு டர்பைனுக்கும் தனக்கென ஒன்று. விமானி ஒன்றை அணைத்துவிட்டு மற்றதில் மணிக்கணக்கில் கடலைச் சுற்றி வருவார், எரிபொருள் மிச்சம். வேண்டும்போது மறுபடி கிளப்புவார். 1934இல் மணிக்கு 709 கிலோமீட்டர் பறந்த இத்தாலியின் மக்கி எம்.சி.72 மிதவை விமானமும் இதே வழிதான், இரண்டு ஃபியட் இஞ்சின், இரண்டு புரொபெல்லர், ஒரே மூக்கு. சேர்க்காமல் பக்கத்தில் வைத்ததால்தான் இவை பிழைத்தன என்பது என் எண்ணம். வீட்டில் கட்டுகிறவருக்கு இந்தக் குழாய்க்குள் குழாய் வேலை கைக்கு எட்டாது. உள்ளே போகும் தாங்கிகளைக் கடைந்து எடுக்கும் லேத் வேலைக்கே பாதிப் பணம் போய்விடும்.

சரி, சேர்க்காமல் இரண்டு இஞ்சின் வைக்க வேறு என்ன வழி?

இறக்கைக்கு ஒன்று என்பது எல்லோரும் அறிந்தது. இதில் ஒன்று நின்றால் மற்றது விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் வால் சுக்கானால் பிடிக்க முடியாது, விமானம் புரண்டுவிடும். நிறையப் பயிற்சி பெற்றவர்களையே பலிவாங்கிய விஷயம் இது. இஞ்சின்களை நடுவுக்கு நெருக்கமாக வைத்தால் இந்தத் திருப்பம் குறையும். பிரான்சில் மிஷெல் கொலோம்பான் கட்டிய கிரி-கிரி 1973இல் பறந்தது. ஒருவர் மட்டும் உட்காரலாம், வெறும் எடை 80 கிலோவுக்கும் கீழே. மூக்கில் பூச்சியின் மீசை மாதிரி இரண்டு சின்ன இஞ்சின். அமெரிக்காவின் ஏர்கேம் இன்னும் எனக்குப் பிடித்தது. ஆப்பிரிக்காவில் நேஷனல் ஜியோகிராபிக் படப்பிடிப்புக்காக, இறங்க இடமில்லாத காட்டின் மேல் தாழ்வாக, மெதுவாகப் பறக்கவே உருவானது. பெரிய இறக்கை, பின்னால் நெருக்கமாக இரண்டு ரோட்டக்ஸ், ஒன்று நின்றாலும் மற்றதில் மேலே ஏறும். அதாவது நம் செம்பனைக் காட்டுக்குச் சொல்லிச் செய்த மாதிரி. பணம் மட்டும் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு வேண்டிய பெரிய ரோட்டக்ஸ் 912 இஞ்சின் இரண்டை வாங்கி இறக்குமதி செய்வதை மூன்று பிள்ளைகளின் சம்பளத்தில் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்பது இன்னொன்று. செஸ்னா 337, தலா 210 குதிரைத்திறன், ஒன்று இழுக்கும் ஒன்று தள்ளும். எது நின்றாலும் விமானம் நேராகவே போகும். பையன் ஆசைப்பட்டது முழுவதும் இதில் கிடைக்கிறது, நடுவில் பெல்ட்டும் இல்லை, கிளட்சும் இல்லை, ஒவ்வொரு இஞ்சினுக்கும் அதன் அளவுக்கு ஏற்ற தனிப் புரொபெல்லர். ஆனால் பின் இஞ்சினுக்குக் காற்று சரியாகப் போகாது, தரையில் நிற்கும்போது சூடேறும். அதைவிட முக்கியம், பின்னால் இருப்பது நின்றதே தெரியாமல் விமானிகள் ஓடுபாதையில் புறப்பட்டு விபத்தானதுண்டு. இழுப்பு இல்லாததால் அடையாளமும் இல்லை. அதனால்தான் புறப்படும்போது பின் இஞ்சினின் திராட்டிலை முதலில் தள்ளச் சொல்கிறார்கள். எங்கள் பம்பில் விரலை வைத்துக் கண்டுபிடித்த அதே விஷயம். இருந்தாலும், கண்டிப்பாக இரண்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பெல்ட்டில் சேர்ப்பதற்கு முன்னால் நான் இதைத்தான் யோசிப்பேன்.

கடைசியாக, நான் பையனுக்குச் சொன்னது. ஒரே ஒரு ரோட்டக்ஸ் 912, 100 குதிரைத்திறன். இரண்டு 582-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவன் படித்த பாடத்திலிருந்தே கேட்டேன். “582-ஐ எத்தனை மணிக்கு ஒருதரம் முழுசாப் பிரிக்கணும்?” “300 மணி.” “912-ஐ?” “2,000.” சொல்லிவிட்டு அவனே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். இரண்டு 582, கியர்பாக்ஸ், புகைக்குழாய், ரேடியேட்டர், நடுவில் பெல்ட் சட்டம் எல்லாம் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும். 912 தன் சாமான் சட்டியோடு அதைவிடக் குறைவு. மிச்சமாகும் எடையில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டைப் போடலாம். ராக்கெட்டில் வெளியே பாயும் வகை, சிர்ரஸ் விமானங்களில் எப்போதும் இருப்பது. இந்த அளவு விமானத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோதான் வரும். இஞ்சின் நின்றாலும் உதவும், இறக்கை முறிந்தாலும் உதவும். இரண்டாவது இஞ்சின் இறக்கை முறிந்தால் என்ன செய்யும்?

பாராசூட் விரிய உயரம் வேண்டும், மிகத் தாழ்வில் உதவாது. அதனால் அடுத்த வேலையாகத் தோட்ட வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 300 மீட்டர் உயரத்தில் இஞ்சின் நின்று, ஒரு மீட்டர் இறங்க ஒன்பது மீட்டர் முன்னால் போகும் விமானம் என்றால், காற்றில்லாதபோது 2.7 கிலோமீட்டர் கைவசம் இருக்கிறது. திரும்பும்போது கொஞ்சம் போகும், 2 கிலோமீட்டர் என்று வைத்தோம். காம்பஸ் எடுத்து வட்டம் போட்டோம். தோட்டத்துத் திடல், பள்ளித் திடல், மறுநடவு ஆன பிளாக்குகள். மறுநடவு நிலம் மேலிருந்து பார்க்கத் திறந்த வெளியாக இருக்கும், ஆனால் அதை நான் நடந்து பார்த்திருக்கிறேன். வெட்டிய பழைய மரத்தைச் சீவி வரிசை வரிசையாகக் குவித்திருப்பார்கள், அதன் மேல் முக்குனா கொடி படர்ந்து மூடியிருக்கும். குவியலுக்குக் குறுக்கே இறங்கினால் சக்கரம் மாட்டும். வரிசையோடு இறங்கவேண்டும். எந்த பிளாக்கில் வரிசை எந்தத் திசை என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் மறுநடவு இடம் மாறும், அம்புக்குறியையும் மாற்றவேண்டும். வட்டங்கள் ஒன்றையொன்று தொடாத இடங்களில் உயரத்தைக் கூட்டு, அல்லது அந்தப் பக்கம் போகாதே என்றேன்.

இதை எழுதும்போது அவர்கள் 582 யோசனையை விட்டுவிட்டார்கள். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதிக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று ஒருவன் விசாரிக்கிறான். 912-க்குப் பணம் சேர இன்னும் ஒரு வருடம் ஆகும். இப்போது அவர்களுக்குள் சண்டை புரொபெல்லர் முன்னாலா பின்னாலா என்பதில். பின்னால் வைத்தால் முன்னால் பார்க்க நன்றாக இருக்கும் என்கிறான் ஒருவன். பாராசூட்டின் கயிறு பாயும்போது சுற்றிக்கொண்டிருக்கும் புரொபெல்லரில் சிக்காமல் இருக்க ராக்கெட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று கேட்டேன். மூன்று பேரும் மறுபடி தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.